குற்றமற்றவர்க்குப் பட்ட கடன்

மதுரை அரசவையிலே கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த கணத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையில் வீழ்ந்து உயிர்விட்டமை தமிழிலக்கிய மாணவர் எவரும் மறக்கவியலாத காட்சியாகும். தவறாகத் தண்டித்தவன் தவற்றை உணர்ந்தவுடனே தன்னுயிரை ஈடாக வைத்தான் என்று அவன் காலங்காலமாகப் போற்றப்பட்டு வந்துள்ளான். நீதிபற்றித் தமிழர் கொண்ட இலட்சியத்தின் உச்சமாக இக்காட்சியை எடுத்துக்காட்டும் வழக்கமும் உண்டு. ஆயினும், அரசனுக்கு இக்காட்சியில் ஒரு வசதி இருக்கின்றது. கோவலன் இறந்துவிட்டான். இறந்தவனுக்கு இருக்க இடம் தேடிக் கொடுக்க வேண்டியதில்லை. அவனுடைய நோய்க்கு மருந்து வாங்க வேண்டியதில்லை. இரவிலே அவன் ஏன் உறங்குவதில்லை என்று கேட்க வேண்டியதுமில்லை. ஒரேயொரு பெருஞ்செயலாலே கணக்கு முடிந்துவிடுகின்றது. (கண்ணகிக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை என்பதை மதுரை எரிந்த கதை கூறும்.)

கோவலன் கொல்லப்படாமற் சிறையிலிடப்பட்டு, முப்பது ஆண்டு கழிந்தபின் குற்றமற்றவனெனக் கண்டு வெளியே விடப்பட்டிருப்பின் அவ்வரசு அவனுக்கு என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கும்? காவியம் எழுப்பாத இவ்வினாவை இக்காலத்து நீதிமுறை தானே எழுப்பிக்கொண்டுள்ளது. மரபணுச் சோதனையும் மேன்முறையீட்டு ஏற்பாடுகளும் விரிவடைந்ததன் பயனாக, உயிரோடு திரும்பிவரும் கோவலர்கள் இன்று பலராயினர். ஐக்கிய அமெரிக்காவிலே 1989 முதல் குற்றமற்றவரெனக் காணப்பட்டோர், 2012 இல் தொடங்கப்பெற்ற தேசியப் பதிவேட்டின்படி, 3,500 பேருக்கு மேற்பட்டோராவர். அவர்கள் இழந்த காலம் யாவற்றையும் ஒன்றுசேர்ப்பின் 30,000 ஆண்டுகளைத் தாண்டுகின்றது. இவர்களை விடுவித்தமைபற்றி எழுதப்பட்டவை ஏராளம். விடுவித்தபின் நிகழ்ந்தவைபற்றி எழுதப்பட்டவையோ சொற்பம்.

2014 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆம் நாள் கிளென் ஃபோர்ட் என்னும் கறுப்பினத்தவர் லூசியானா மாநிலத்தின் அங்கோலாச் சிறையிலிருந்து வெளிவந்தார். ஷ்ரீவ்போர்ட் நகரிலே 1983 இல் நிகழ்ந்த ஒரு கொலைக்காக, வெள்ளையரே முழுவதும் இடம்பெற்ற யூரிமாரால் அடுத்த ஆண்டிற் குற்றவாளியெனக் காணப்பட்டு மரணதண்டனைக்கு உட்பட்டவர் அவர். அவருக்காகத் தோன்றும்படி நீதிமன்றம் நியமித்த முதன்மைச் சட்டத்தரணி எண்ணெய், எரிவாயு உரிமைச் சட்டத்திலே பயிற்சி பெற்றவர். யூரிமார் முன் வழக்குப் பேசியறியாதவர். சிறைவாசலைக் கடந்தபோது ஃபோர்ட்டுக்கு வயது 64. ஏறத்தாழ முப்பதாண்டுக் காலத்துக்குப் பின் மாநிலம் அவர் கையிற் கொடுத்தனுப்பியது 20 டொலர்ப் பெறுமதியுள்ள ஓர் அட்டை.

அவருக்குத் தங்க இடம் கொடுத்தவர் ஜோன் தொம்சன். இவரும் அதே அங்கோலாவிலிருந்து வந்தவரே. நியூ ஓர்லியன்ஸ் நகரிலே 1985 இற் கைதாகி, 18 ஆண்டு சிறையிலும் அதிற் 14 ஆண்டு மரணதண்டனைக் கைதிகளின் கொட்டடியிலும் இருந்தவர். அவருக்குச் சாதகமான இரத்தப் பரிசோதனை அறிக்கையை வழக்குத்தொடுநர் மறைத்துவிட்டனர். மரணதண்டனையை நிறைவேற்றக் குறித்த நாளுக்குச் சில வாரங்களே இருக்கையில், 1999 இல், சட்டத்தரணிகளின் புலனாய்வாளர் ஒருவர் அவ்வறிக்கையைக் கண்டெடுத்தார். 2003 இல் நடந்த மறுவிசாரணையில் யூரிமார் அரைமணி நேரமளவிலேயே அவரை விடுவித்தனர். வெளியே வந்த தொம்சன் நான்காண்டுகளின் பின், 2007 இல், 'குற்றநீக்கத்தின் பின் உயிர்த்தெழல்' என்று பொருள்படும் பெயருடைய சிறு அமைப்பொன்றைத் தொடங்கினார். விடுதலையானவர்கள் வந்து தங்குவதற்கு ஒரு வீடு. அங்கே கணினி பழகலாம், தொழில் பழகலாம், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கவும் செய்யலாம். தம்மை இழப்புக்குள்ளாக்கிய நகரத்துக்குத் தம்மையே மருந்தாக ஒருவர் கொடுத்த செயல் இது எனலாம். அதனை மெச்சுவது எளிது. அது ஏன் வேண்டியிருந்தது என்று ஆராய்வதே இங்கு நோக்கம்.

முதலில் ஒரு முரண்பாட்டை நோக்குதல் தகும். உண்மையாகவே குற்றஞ்செய்து தண்டனை பெற்று, நிபந்தனையுடன் விடுதலையாகும் ஒருவருக்கு மேலைநாடுகளில் ஒரு நன்னடத்தை உத்தியோகத்தர் இருப்பார். எங்கே தங்குகிறார், வேலை கிடைத்ததா, மதுவை விட்டாரா என்று விசாரிக்க ஓர் அலுவலகம் இருக்கும். சில இடங்களில் இடைத்தங்கல் விடுதி உண்டு. வேலைப் பயிற்சி உண்டு. குற்றத்தீர்ப்புத் தள்ளுபடி செய்யப்பட்டவருக்கோ இவற்றில் எதுவுமில்லை. நீதிமன்றத்தின் முன்வாயிலால் வெளியேறிப் படிகளில் நின்று படப்பிடிப்பாளருக்கு முகங்கொடுத்தபின், அன்றிரவு எங்கே படுப்பது என்பது அவரது சொந்த விவகாரம். பிரித்தானியாவிலே விக்டர் நீலன் என்பவர், 17 ஆண்டுச் சிறைவாசத்தின் பின் 2013 டிசம்பரிலே சில மணிநேர முன்னறிவித்தலோடு வெளியே அனுப்பப்பட்டபோது அவர் கையிலிருந்தது 46 பவுண்.

இதனை நிருவாகக் கவனக்குறைவு என்று கொள்வது போதாது. அதற்குள்ளே ஒரு தருக்கம் இருக்கின்றது. விடுதலையானோர்க்கான அரச உதவிகள் யாவும் தண்டனையின் நீட்சியாகவே அமைந்தவை. மேற்பார்வை செய்யும் கையே உதவியும் செய்கின்றது. குற்றம் நீங்கியவுடன் மேற்பார்வைக்கு உரிமை இல்லாதொழிகின்றது. அதனோடு உதவியும் அற்றுப்போகின்றது. தள்ளுபடி செய்யப்பட்ட தீர்ப்பு என்றுமே இருந்திராத தீர்ப்பு என்பது சட்டத்தின் கற்பனை. தீர்ப்பு இருந்திராதபோது தண்டனை பெற்ற ஆளும் இருந்திரார் அல்லவா? அரசு தண்டித்தலை அறியும், மன்னித்தலையும் அறியும். தான் தீங்கிழைத்த ஒருவருக்கு முன்னே கடனாளியாக நிற்கும் நிலையை அது பழகவில்லை. அதற்கேற்ற அலுவலகமோ படிவமோ உத்தியோகத்தரோ அதனிடம் இல்லை.

அரசு உண்மையிலே கடனாளிதானா என்ற ஐயத்தை எழுப்புவோர் உளர். அவர்களது வாதம் இலேசானதன்று. நேர்மையான யூரிமார், தம் முன் வைக்கப்பட்ட சாட்சியத்தை நேர்மையாக ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தனர். அம்முடிவு பிழையெனப் பின்னர் தெரிந்தது. மனிதர் நடத்தும் நீதிமுறை எதுவும் பிழையற்றிருக்க இயலாது. குற்றம் எவரிடத்தும் இல்லாதபோது கடன் எங்கிருந்து வரும்? தொம்சனது வழக்கில் மறைத்தவர் உளர், ஆதலின் அங்கே பொறுப்புத் தெளிவு. ஆனால் எல்லா வழக்குகளும் அத்தகையன அல்ல என்பர்.

இவ்வாதத்துக்கு அன்றாட வாழ்விலேயே விடை கிடைக்கின்றது. ஒரு வீதியை அகலமாக்குவதற்கு அரசு ஒருவரது காணியைச் சுவீகரிக்கின்றது. அதில் எவரும் குற்றம் செய்யவில்லை. வீதி ஊருக்குத் தேவை. சட்டமும் அதற்கு இடமளிக்கின்றது. ஆயினும் காணிக்குரியவருக்கு நட்டஈடு கொடுக்கப்படல் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. இலங்கையின் 1950 ஆம் ஆண்டுக் காணி எடுத்தற் சட்டமும் இதனையே விதிக்கின்றது. பொதுநன்மைக்காக ஒருவர் மட்டும் சுமந்த இழப்பைப் பொதுமக்கள் யாவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே இதன் அடிப்படை. குற்றவியல் நீதிமுறையும் பொதுநன்மைக்காகவே நடைபெறுகின்றது. அது பிழைவிடும் என்பதை முன்னரே அறிந்துகொண்டுதான் சமூகம் அதனை நடத்துகின்றது. அப்பிழையின் விலையைச் சமூகத்தார் அனைவரும் இரவில் நிம்மதியாக உறங்குவதற்காக ஒருவர் தமது முப்பது ஆண்டுகளாற் செலுத்தியிருக்கிறார். பத்துப் பேர்ச் காணிக்குக் கொடுக்கும் மதிப்பை முப்பது ஆண்டுக்குக் கொடுக்க மறுப்பது விசித்திரமான கணிதமாகும்.

எனினும் காணி உவமை ஓரளவுக்கே செல்லும். காணியை இழந்தவர் வேறிடத்திலே வேறு காணி வாங்கலாம். மேலும், காணியைச் சுவீகரித்த அரசு அதன் சொந்தக்காரரை ஊரறியக் கொலைகாரரென்று பழித்ததில்லை. தவறாகத் தண்டித்தலில் இழப்பும் இழிவும் ஒருங்கே நிகழ்கின்றன. இழப்பை ஈடுசெய்யும் நீதியைப் பற்றி அரிஸ்டோட்டில் கூறியவை முதலாவதற்குப் பொருந்தும். இரண்டாவதற்கு வேறு சிந்தனை வேண்டும்.

ஆங்கில மெய்யியலாளர் பேர்னாட் வில்லியம்ஸ் 1976 இல் எழுதிய ஒரு கட்டுரையிலே லொறிச் சாரதி ஒருவரைக் கற்பனை செய்தார். சாரதியிடம் எவ்விதக் கவனக்குறைவும் இல்லை. ஆயினும் ஒரு குழந்தை அவரது வாகனத்தில் அகப்பட்டு இறந்துவிடுகின்றது. வீதியோரத்தில் நின்று பார்த்தவர்களும் வருந்துவர். ஆனால், சாரதியின் வருத்தம் அவர்களுடையதைப் போன்றதாயிருத்தல் இயலாது. அவ்வாறு இருப்பின் அவரிடத்து ஏதோ குறைபாடு உண்டென்றே கருதுவோம் என்பது வில்லியம்சின் கருத்து. குற்றமில்லாதவிடத்தும், 'இது என் கையால் நிகழ்ந்தது' என்ற உணர்வு தனியானதோர் அறநிலை. அதிலிருந்து ஏதாவது செய்ய வேண்டுமென்ற உந்துதல் பிறக்கின்றது.

இக்கற்பனையை மெய்யாக வாழ்ந்து காட்டியவர் ஒருவருண்டு. ஜெனிபர் தொம்சன் என்பார் (மேற்கூறிய தொம்சனுக்குப் பெயரொற்றுமையன்றி உறவில்லாதவர்) வட கரோலினாவிலே 1984 இற் பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவி. தம்மைத் தாக்கியவர் ரொனால்ட் கொட்டன் என்பவரே என்று நிச்சயமாக நம்பி அடையாளங் காட்டினார். கொட்டன் பத்தாண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தபின், 1995 இல் மரபணுச் சோதனை உண்மையான குற்றவாளி வேறொருவர் என்பதை வெளிப்படுத்தியது. இப்பெண் பொய் சொன்னவரல்லர், கொடுமைக்கு ஆளானவர். இருந்தும், அவர் கொட்டனைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டார், கொட்டன் மன்னித்தார், இருவரும் சேர்ந்து ஒரு நூலும் வெளியிட்டனர். தவறான தீர்ப்பினாற் பாதிக்கப்பட்ட இருதரப்பினருக்கும், அதாவது தண்டிக்கப்பட்டோர்க்கும் குற்றத்துக்கு ஆளானோர்க்கும், உதவுவதற்காக 2015 இல் அப்பெண் ஓர் அமைப்பை நிறுவினார். குற்றமற்ற ஒரு தனிமனிதர் தம் கையால் நிகழ்ந்ததற்குப் பொறுப்பேற்கக் கூடுமாயின், காவற்றுறையும் நீதிமன்றமும் கருவூலமும் உடைய ஓர் அரசு அதனைச் செய்ய இயலாதென்பது ஏற்கத்தக்கதன்று.

அரசுகள் இதனைக் கொள்கையளவில் ஏற்றுமுள்ளன. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 14 ஆம் உறுப்புரையின் 6 ஆம் பந்தி, நீதி தவறித் தண்டனை அனுபவித்தோர்க்குச் சட்டப்படி நட்டஈடு வழங்கப்பட வேண்டுமென்று கூறுகின்றது. இலங்கை 1980 இலே அவ்வுடன்படிக்கையில் இணைந்துகொண்டது. ஆனால் உடன்படிக்கை நட்டஈட்டோடு நின்றுவிடுகின்றது. நட்டஈடும் நடைமுறையில் எவ்வாறு குறுகிவிடுகின்றது என்பதற்குப் பிரித்தானியா நல்ல உதாரணமாகும்.

அங்கே 1988 ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் கீழ் நட்டஈடு வழங்கப்படுகின்றது. சிறையிலிருந்தோர் வெளியே இருந்திருப்பின் உழைத்திருக்கக்கூடிய ஊதியத்தைக் கணக்கிட்ட மதிப்பீட்டாளர், அதிலிருந்து ஒரு பகுதியைக் கழித்தார். எதற்காக? வெளியே இருந்திருப்பின் உணவுக்கும் இருப்பிடத்துக்கும் அவர்கள் செலவிட்டிருக்க வேண்டுமே, சிறையில் அச்செலவு மிச்சமாயிற்றே என்பதற்காக. இதனை எதிர்த்து, பல்லாண்டுகள் தவறாகச் சிறையிருந்த மூவர் தொடுத்த வழக்கிலே பிரபுக்கள் சபை 2007 இல் அக்கழிவு சரியே என்று தீர்த்தது. வாதத்திலே கணக்குப் பிழை எதுவுமில்லை என்பதுதான் இதில் மிகக் கவனிக்கத்தக்கது. ஊதியத்தைக் கணக்கிடும்போது அவர் வெளியே இருந்ததாகப் பாவனை செய்தால், செலவையும் அவ்வாறே பாவனை செய்தல் வேண்டும். ஆயினும் கேட்டமாத்திரத்தே மனம் கூசுகின்றது. கடத்தி வைத்திருந்தவன், விடுவிக்கும்போது சாப்பாட்டுக்குக் கணக்கெழுதி நீட்டுவது போன்ற கூச்சம் அது.

அக்கூச்சத்தின் காரணம் யாது? சந்தையிலே மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதும், வாடகை கொடுப்பதும், பிள்ளைக்குச் சட்டை எடுப்பதும் வாழ்வுக்கான செலவுகள் மட்டுமல்ல. வாழ்வென்பதே பெரும்பாலும் அவைதாம். அவற்றுக்குப் பணம் செலவழிக்கும் வாய்ப்பையும் சேர்த்தே அவர் இழந்தார். இழந்த ஒன்றை மிச்சம் என்று பெயரிட்டுக் கழிக்கும்போது கணக்குச் சரியாகவே வரும். கணக்கின் தலைப்புத்தான் பிழை. அன்ட்ரூ மல்கின்சன் என்பவர் 17 ஆண்டுகள் சிறையிலிருந்தபின் 2023 ஜூலையிற் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டு இதனை வெளிப்படையாகப் பேசியபோதுதான் நாட்டினர் திடுக்கிட்டனர். அடுத்த மாதமே அரசு அக்கழிவை நீக்கியது. நீதிபதிகள் பதினாறு ஆண்டுகளாகச் சகித்ததைப் பொதுமக்கள் சில நாட்களேனும் சகிக்கவில்லை.

இதற்கிடையே வேறொரு கதவு அடைக்கப்பட்டிருந்தது. 2014 இல் நிறைவேறிய திருத்தத்தின்படி, நட்டஈடு கோருபவர் தாம் அக்குற்றத்தைச் செய்யவில்லை என்பது நியாயமான ஐயத்துக்கு அப்பால் நிறுவப்பட்டிருத்தல் வேண்டும். தண்டிப்பதற்கு அரசுக்கு வேண்டியிருந்த அதே அளவு நிரூபணத்தைத் தண்டிக்கப்பட்டவர் தம் குற்றமின்மைக்குத் தேட வேண்டும். மேலே குறித்த நீலன் இதனாலே நட்டஈடு மறுக்கப்பட்டு, ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை சென்று, 2024 ஜூனில் அங்கும் தோற்றார். மல்கின்சனுக்கோ உரிமை மறுக்கப்படவில்லை, தாமதிக்கப்பட்டது. தீர்ப்புத் தள்ளுபடியாகி ஒன்றரை ஆண்டுக்கு மேலாக அவர் அரச உதவிப்பணத்திலும் உணவு வங்கிகளிலும் தங்கியிருந்தார். பேர்மிங்காம் அறுவர் எனப்பட்டோர் 1991 இல் விடுதலையாயினர்; அவர்களது இறுதி நட்டஈடு தீர்மானமாகப் பத்தாண்டு கடந்தது.

இப்பத்தாண்டு என்ற இடைவெளியிலேதான் தொண்டு நிறுவனங்களின் இடம் இருக்கின்றது. பேர்மிங்காம் அறுவருள் ஒருவரான பற்றிக் ஹில், 16 ஆண்டுச் சிறைவாசத்தின் பின் தமக்கு எவ்வித உளச் சிகிச்சையும் ஏற்பாடு செய்யப்படவில்லை என்பதைத் தமது வாழ்நாள் முழுவதும் கூறிவந்தார். 2001 இல் அவர் கிளாஸ்கோவை மையமாகக் கொண்டு, தவறாகத் தண்டிக்கப்பட்டோர்க்கான அமைப்பொன்றைத் தோற்றுவித்தார். 2024 டிசம்பரில் இறக்கும் வரை அவரது பெயர் அதனோடு இணைந்திருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து உளமருத்துவர் ஏட்ரியன் கிரவுண்ட்ஸ் இத்தகைய 18 பேரைப் பரிசோதித்து 2004 இல் வெளியிட்ட ஆய்வு, ஹில் அனுபவத்தாற் கூறியதை மருத்துவ மொழியிற் கூறுகின்றது. அவர்களுட் பெரும்பாலோரிடத்தே ஆளுமையே நிலையாக மாறிப்போயிருந்தது. போரிலிருந்து மீண்டோரிடத்துக் காணப்படும் மாற்றங்களோடு அதனை அவர் ஒப்பிட்டார். வீட்டார் 'போனவர் வேறு, வந்தவர் வேறு' என்றனர். வந்தவரோ பிள்ளைகளைப் பிரிந்த வயதிலேயே மனத்தில் வைத்திருந்தார்; எதிரில் நின்றவர்கள் வளர்ந்த அந்நியர். கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவதும் வீதியைக் கடப்பதும் அச்சத்தை விளைவித்தன.

இங்கே தேவைப்படும் உதவியின் இயல்பு சற்று விரிவாக நோக்கத்தக்கது. நியூயோர்க்கிலே 1992 இல் பரி ஷெக், பீற்றர் நியூபெல்ட் என்னும் சட்டத்தரணிகள் இருவர் தொடங்கிய 'இனசென்ஸ் புறொஜெக்ற்' முதலாக, இத்துறையின் பெயர்பெற்ற நிறுவனங்கள் யாவும் வழக்கை மையமாகக் கொண்டே பிறந்தவை. வழக்குக்கு ஆரம்பம் உண்டு, முடிவுண்டு, வெற்றி உண்டு. வெற்றியைப் படம்பிடிக்கலாம், அப்படத்தைக் காட்டி அடுத்த ஆண்டுக்கு நன்கொடை திரட்டலாம். வழக்குக்குப் பின்வரும் வாழ்க்கைக்கு இவற்றில் எதுவுமில்லை. பிறப்புச் சான்றிதழை மீண்டும் பெறுதல். தள்ளுபடியான தீர்ப்பு இன்னும் பொலிஸ் பதிவிலே கிடப்பதைக் கண்டு, வேலைக்கு மனுச்செய்யும்போதெல்லாம் அதனை விளக்குதல். முப்பதாண்டு பார்க்கப்படாத பற்களைப் பார்த்தல். அமெரிக்காவிலே ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்தாண்டுப் பங்களிப்புச் சிறைக்குள் உழைத்த உழைப்பால் சேராதென்பதை அறுபது வயதிலே அறிந்துகொள்ளுதல் என்பன எவருக்கும் செய்தியாவதில்லை. பிரித்தானியாவில் அத்தகைய சிறைக்காலத்துக்கும் தேசியக் காப்புறுதிப் பங்களிப்பை வரவுவைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அதற்கு மனுச்செய்ய வேண்டும். இப்படியொரு மனு உண்டென்பதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். தொண்டு நிறுவனத்தின் ஆற்றல் என்பது பெருமளவில் அந்த ஒருவரே: படிவங்களை அறிந்தவர், அவசரப்படாதவர், ஐந்தாம் ஆண்டிலும் தொலைபேசியை எடுப்பவர். அத்தகையோருக்கு மாதச் சம்பளம் கொடுக்க நன்கொடையாளர் முன்வருதல் அரிது. பெரிய நிறுவனங்கள் சமூகப் பணியாளரைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது பிற்காலத்திலேயாகும்.

இவ்விடத்தே அறவியல் ஆராய்ச்சி மிகவும் சங்கடமானதொரு கட்டத்தை அடைகின்றது. அரசு பட்ட கடனைத் தொண்டு நிறுவனம் தீர்ப்பது முறையாகுமா? தீர்க்கும்தோறும் கடனாளிக்கு நிம்மதி பெருகுகின்றது. தொம்சன் ஒரு வீடு நடத்தியதனாலே லூசியானா மாநிலம் ஃபோர்ட்டுக்கு ஒரு வீடு தேடவேண்டிய நெருக்கடியிலிருந்து தப்பிக்கொண்டது. உரிமையாக வரவேண்டியது கொடையாக வரும்போது, பெறுபவர் நன்றி சொல்ல வேண்டியவராகிறார். கூட்டங்களிலே மேடையேறித் தமது துயரத்தைக் கூறவேண்டியவராகிறார். தமக்கு வரவேண்டிய கடனை வாங்கிக்கொண்டு கைகூப்பும் நிலை இழிவின் இரண்டாம் பாகமன்றி வேறென்ன?

அதற்காக உதவாமல் இருந்துவிட முடியாது. அரசு மனமாறும் வரை ஒருவர் தெருவிற் படுத்திருக்கட்டும் என்பது கொள்கையன்று, கொடுமை. பிறருக்காகப் பிணைநின்று அவர் கடனைச் செலுத்தியவர், அதனைக் கடனாளியிடமிருந்து அறவிட உரிமையுடையவர் என்பது வழக்கறிந்த நியாயம். தொண்டு நிறுவனத்தின் நிலையும் இதுவேயெனக் கொள்ளின் அதன் கடமைகள் மாறித் தோன்றும். கோயில் தருமகர்த்தா பிரசாதம் வழங்கும்போது தம் வீட்டுச் சோற்றை வழங்குவதில்லை. பெறுபவரும் அவருக்குக் கடமைப்படுவதில்லை. அவ்வாறே, விடுதலையானவரிடம் நன்றியையோ நல்லொழுக்கத்தையோ நிறுவனம் எதிர்பார்த்தல் தகாது. குடிப்பவரும் கோபக்காரரும் பொய் சொல்பவரும் ஆன ஒருவருக்கும் கடன் கடனே. மறுபுறத்தில், கொடுத்த ஒவ்வொன்றையும் அரசின் பேரிலே பற்றெழுதி வைத்து அதனைப் பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டிருத்தலும் நிறுவனத்தின் பணியாகும். பல் வைத்தியத்துக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு, இரவில் உடனிருந்தவருக்கு இவ்வளவு என்ற பேரேடு, மன்றாட்டங்களைவிடச் சட்டசபைகளை அசைக்க வல்லது. டெக்சாஸ் மாநிலம் 2009 இல் நிறைவேற்றிய சட்டம், சிறையிலே கழிந்த ஆண்டொன்றுக்கு 80,000 டொலரோடு வாழ்நாள் ஊதியத்தையும் கல்விச் செலவையும் உள்ளடக்கியது. அச்சட்டம் தாங்கி நிற்பது ரிம் கோல் என்பவரின் பெயரை. அவர் சிறையிலேயே 1999 இல் இறந்துபோனவர். அங்கும் ஒரு கோவலனுடைய பெயரால்தான் உயிரோடிருப்போர்க்கு வழி பிறந்தது.

இந்தப் பிணையாளி நிலையிலும் இடர் உண்டு. நீண்டகாலப் பணிக்கு நிலையான பணம் வேண்டும். நிலையான பணம் பெரும்பாலும் அரசிடமே உள்ளது. பிரித்தானியாவில் இத்துறைச் சேவைகள் அரச நிதியையே பெரிதும் சார்ந்து நடைபெற்று வந்துள்ளன. கடனாளியிடம் சம்பளம் வாங்கும் ஒருவர் கடனை எவ்வளவு உரக்கக் கேட்பார்? தனியார் நன்கொடையை நம்புவோருக்கோ மேடையும் படமும் வேண்டும். இரண்டையும் தவிர்த்து, விடுதலையானவர்களே தம்முட் கூடி நடத்துவதெனின், தொம்சனும் ஹில்லும் செய்தது அதுவேயாம். பட்டறிந்தவர் தரும் ஆறுதலை வேறெவரும் தர இயலாது. ஆயினும் காயப்பட்டவர்களே மருத்துவமனையையும் கட்டவேண்டும் என்று எதிர்பார்ப்பதில் ஏதோ கோணல் இருக்கின்றது. தொம்சனுக்கு யூரிமார் விதித்த 14 மில்லியன் டொலர் நட்டஈட்டை அமெரிக்க உயர் நீதிமன்றம் 2011 இல் நான்குக்கு எதிராக ஐந்து வாக்குகளால் தள்ளுபடி செய்தது. அப்பணம் கையில் வராமலே அவர் அந்த வீட்டை நடத்தினார். 2017 ஒக்டோபரில் மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 55.

ஃபோர்ட் அவ்வீட்டிலே தங்கியிருந்த காலமும் நீண்டதன்று. வெளிவந்து சில மாதங்களிலேயே நுரையீரற் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அன்றைய லூசியானாச் சட்டப்படி அவர் ஆகக்கூடியது 330,000 டொலர் பெற்றிருக்கலாம். 2015 மார்ச்சிலே நீதிபதி அதனை மறுத்தார். கொலையை அவர் செய்யவில்லை என்பது மட்டும் போதாது. அதனோடு சேர்ந்து நடந்த கொள்ளைபற்றி அவர் அறிந்திருந்தார், களவுப் பொருளை விற்க முயன்றார் என்பதே மறுப்பின் காரணம். அதே மாதத்திலே, முப்பதாண்டுக்கு முன் அவருக்கு மரணதண்டனை பெற்றுக்கொடுத்த வழக்குத்தொடுநர் மார்ட்டி ஸ்ட்ரவுட், ஷ்ரீவ்போர்ட் நகரச் செய்தித்தாளில் ஒரு கடிதம் வெளியிட்டார். வழக்கிலே வெற்றிபெறுவதையே நாடி நீதியை நாடாது விட்டமையை அதில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஃபோர்ட்டுக்கு நட்டஈடு வழங்குமாறும் வேண்டினார். நவீன நீதிமன்றங்களில் இத்தகைய பாண்டியன் தோன்றுதல் மிக அருமை.

ஸ்ட்ரவுட் நேரிலும் சென்றார். நோயால் உருக்குலைந்திருந்த ஃபோர்ட் அவரை இருத்திப் பேசினார். தம்மால் மன்னிக்க இயலவில்லை என்றும், அதற்காகத் தாம் வருந்துவதாகவும் அமைதியாகக் கூறினார். தொண்டர்கள் முறைவைத்து அவரைக் கவனித்துக்கொண்டனர். 2015 ஜூன் 29 ஆம் நாள், விடுதலையாகிப் பதினாறாம் மாதத்திலே, அவர் காலமானார். நட்டஈட்டு வழக்கை அவரது உரித்தாளர் பின்னரும் நடத்திப் பார்த்தனர், அதுவும் தோற்றது.